பொன்னை அள்ளினார்கள், புடவையை மறந்தார்கள்



நம் நாட்டில் மஃரிபுக்கு அதான் ஒலிக்கின்ற வேளையில், பூமியின் மறுபக்கத்திலுள்ள பெரு நாட்டின் கஸ்கோ நகரத்தில் காலை எட்டு மணியளவாகியிருக்கும். நாம் அன்றைய வேலைகளை முடித்து விளக்கேற்றும்போது, அங்குள்ள பெண்கள் வண்ணச் சால்வையொன்றை முதுகில் முடிச்சிட்டு, அதற்குள் குழந்தையையோ சந்தைக்குரிய கிழங்கையோ சுமந்துகொண்டு, கல் பாவிய ஒடுங்கிய தெருக்களில் இறங்கிக்கொண்டிருப்பார்கள். வாருங்கள், அந்த ஊருக்கு ஒருமுறை போய் வருவோம். இந்தப் பயணத்துக்குக் கடவுச்சீட்டும் வேண்டாம், பயணப் பொதியும் வேண்டாம். ஒரேயொரு கேள்வியை மட்டும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு சமுதாயத்தின் செல்வம் என்பது எது? பெட்டியில் பூட்டி வைக்கும் பொன்னா, அல்லது தாயிடமிருந்து மகளுக்குப் போய்ச் சேரும் வேறு ஏதேனும் ஒன்றா?

கஸ்கோ கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,400 மீற்றர் உயரத்தில் அந்தீஸ் மலைத்தொடரின் நடுவே அமைந்திருக்கிறது. புதிதாகப் போகிறவர்கள் நாலு படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கி நின்றுவிடுவார்கள். இந்த உயரத்திலிருந்துதான் இன்கா மன்னர்கள் ஒரு பேரரசை ஆண்டார்கள். வடக்கே இன்றைய கொலம்பியாவின் தென் எல்லையிலிருந்து தெற்கே சிலி நாட்டின் நடுப்பகுதி வரை ஏறக்குறைய 4,000 கிலோமீற்றர் நீளமான நாடு அது. அதனை அவர்கள் 'தவந்தின்சூயு' என்றழைத்தார்கள். ஒன்றாய் இணைந்த நான்கு திசைகள் என்பது அதன் பொருள். அந்நான்கு திசைகளும் சந்திக்கின்ற நடுப்புள்ளியே கஸ்கோ.

சில்லில்லாத நாடு

இந்த மக்களிடம் இருந்தவற்றைக் காட்டிலும் இல்லாதவற்றைக் கேட்டால் இன்னும் வியப்படைவீர்கள். வண்டிச் சில்லு இல்லை. இரும்பு இல்லை. குதிரை இல்லை. நாம் அறிந்தது போன்ற எழுத்தும் இல்லை. ஆயினும் மலைகளைக் குடைந்தும் பாலங்களைக் கட்டியும் 30,000 கிலோமீற்றர் அளவுக்குப் பாதைகளை இணைத்திருந்தார்கள். 'சாஸ்கி' எனப்படும் ஓட்டக்காரர்கள் ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குச் செய்தியை மாற்றி மாற்றிக் கொண்டு சேர்த்தார்கள். கணக்கு வழக்குகளையெல்லாம் 'கீப்பு' எனப்படும் முடிச்சுக் கயிறுகளில் பதிந்து வைத்தார்கள். கயிற்றின் நிறம், முடிச்சின் வகை, முடிச்சு விழுந்த இடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் இருந்தது.

பாதையோரங்களில் களஞ்சியங்கள் வரிசை வரிசையாக நின்றன. அவற்றில் சோளமும் காய்ந்த இறைச்சியும், 'சூன்யோ' எனும் உலர்த்திய உருளைக்கிழங்கும் இருந்தன. கிழங்கை இரவுப் பனியில் உறையவைத்து, பகலில் காலால் மிதித்து நீரை வெளியேற்றி, வெயிலில் காயவைப்பார்கள். அப்படிச் செய்த கிழங்கு ஆண்டுக்கணக்கில் கெடாது. பஞ்சம் வந்தால் களஞ்சியம் திறக்கும்.

இவ்வாறு சொல்வதனால் இன்காக்களின் ஆட்சியில் தேனும் பாலும் ஓடியது என்று எண்ணிவிடாதீர்கள். அவர்களும் அயல் இனத்தவரைப் போரிட்டு வென்றவர்களே. வென்ற ஊர் மக்களைக் கூட்டம் கூட்டமாகப் பெயர்த்துத் தொலைவில் குடியேற்றினார்கள். மலைகளுக்குப் பலியாகச் சிறுவர் சிறுமியரைக் கொடுக்கும் வழக்கமும் அவர்களிடம் இருந்தது. 1995ஆம் ஆண்டில் அம்பாத்தோ மலையுச்சியில், ஏறக்குறைய 500 ஆண்டுகளாகப் பனிக்குள் உறைந்திருந்த ஒரு சிறுமியின் உடலைக் கண்டெடுத்தார்கள். பன்னிரண்டு முதல் பதினைந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளை. அவள் மேலிருந்த சால்வையின் சிவப்பு நிறம்கூட மங்கவில்லை. அவளைப் பெற்றவளின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை எந்தக் கீப்புக் கயிறும் நமக்குச் சொல்லவில்லை.

பொன்னிலும் மேலான துணி

இன்காக்கள் பொன்னைப் பணமாகப் பயன்படுத்தவில்லை. அது அவர்கள் வணங்கிய சூரியனுக்கும் மன்னனுக்கும் உரிய அலங்காரம், அவ்வளவுதான். அவர்களுடைய வாழ்வில் உண்மையான மதிப்பு துணிக்கே இருந்தது. குழந்தைக்குப் பெயர் சூட்டினால் துணி, பிள்ளை பருவமடைந்தால் துணி, கல்யாணத்துக்குத் துணி, மரணத்துக்கும் துணி. படைவீரனுக்குச் சன்மானம் துணி. பணிந்துவந்த சிற்றரசனுக்கு மன்னன் அனுப்பும் முதற் பரிசும் துணிதான். அதை வாங்கி அணிந்துகொண்டால் உறவு உறுதியாயிற்று என்று பொருள்.

அரசு தன் களஞ்சியத்திலிருந்து கம்பளியையும் பருத்தியையும் வீடுகளுக்குக் கொடுக்கும். பெண்கள் அதை நூற்று நெய்து அரசுக்குத் திருப்பிக் கொடுப்பார்கள். சாதாரணத் துணிக்கு 'அவஸ்கா' என்று பெயர். 'கும்பி' எனப்படும் உயர்ந்த துணி பட்டைப்போல் மென்மையானது. இருபுறமும் ஒரே மாதிரியாகத் தோற்றமளிக்கும். அதை நெய்வதற்கென்றே தேர்ச்சி பெற்ற ஆண்களும், 'அக்லா' எனப்படும் தெரிந்தெடுக்கப்பட்ட பெண்களும் இருந்தார்கள். அழகும் கைத்திறனும் உள்ள சிறுமிகளைப் பத்து வயதளவில் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுபோய், உயர்ந்த மதில்களுக்குள் வளர்த்து, நெசவும் சமையலும் கற்றுக்கொடுத்தார்கள். அவர்களில் சிலரை மன்னன் பிரபுக்களுக்கு மணமுடித்துக் கொடுத்தான். சிலர் கோயிலிலேயே முதுமையடைந்தார்கள். வேறு சிலரின் முடிவு அந்தப் பனிமலைச் சிறுமியின் முடிவாயிற்று. நாட்டின் அருமையான துணி அந்த மதில்களுக்குள்ளேதான் பிறந்தது.

கஹமார்காவின் சதுக்கம்

1520களின் இறுதியில் பெரு நாட்டின் மீது இரண்டு இடிகள் விழுந்தன. முதலாவது நோய். ஐரோப்பியரின் காலடி படுவதற்கு முன்னரே கொள்ளை நோயொன்று வடக்கிலிருந்து பரவி வந்தது. அது பெரியம்மையாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். மன்னன் ஹுவாய்னா கப்பாக்கும் அதில் இறந்ததாகச் சொல்லப்படுகிறது. இரண்டாவது இடி சகோதரப் போர். அவனுடைய மக்கள் ஹுவாஸ்காரும் அதாஹுவால்பாவும் அரியணைக்காக ஆண்டுக்கணக்கில் மோதிக்கொண்டார்கள். அதாஹுவால்பா வென்ற அந்தத் தறுவாயில்தான் பிரான்சிஸ்கோ பிஸாரோ 168 பேருடன் மலையேறி வந்தான்.

1532 நவம்பர் 16ஆம் திகதி, கஹமார்கா நகரின் சதுக்கத்துக்கு அதாஹுவால்பா ஆயிரக்கணக்கான பரிவாரங்களோடு பல்லக்கில் வந்தான். அவர்களிற் பெரும்பாலோர் போர்க்கோலத்தில் வந்தவர்களல்லர். வால்வெர்தே என்ற பாதிரியார் முன்னே வந்து தமது சமயத்தை எடுத்துச் சொல்லி, வேத நூலொன்றை நீட்டினார். எழுத்தையே கண்டிராத மன்னன் அதைப் புரட்டிப் பார்த்துக் கீழே எறிந்தான். மறைந்திருந்த குதிரைகளும் பீரங்கிகளும் உடனே வெளிப்பட்டன. இருள் சூழ்வதற்குள் ஆயிரக்கணக்கானோர் மடிந்து கிடக்க, மன்னன் கைதியானான். ஸ்பானியர் தரப்பில் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

தன்னை விடுவித்தால் ஓர் அறையைப் பொன்னாலும், அதைப்போல் இரு மடங்கு வெள்ளியாலும் நிரப்பித் தருவதாக அதாஹுவால்பா சொன்னான். நாட்டின் நாலா திசைகளிலிருந்தும் பொன் சுமந்தவர்கள் வந்தார்கள். சுமார் 6 தொன் பொன்னும், 12 தொன் அளவிலான வெள்ளியும் சேர்ந்தன. குடங்கள், தட்டுகள், சிலைகள் யாவும் உலையிலிடப்பட்டுக் கட்டிகளாயின. எத்தனையோ தலைமுறைக் கைவேலை சில மாதங்களில் உருகி ஓடியது. வாக்குக் கொடுத்தவனோ வாக்கைக் காப்பாற்றினான், வாங்கியவர்கள் காப்பாற்றவில்லை. 1533 ஜூலையில் அதாஹுவால்பாவைக் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள்.

இங்கே ஒரு விடயத்தைக் கவனியுங்கள். பிஸாரோவின் எழுத்தராக இருந்த ஹெரேஸ் என்பவர் கஹமார்காவில் கண்டதை எழுதி வைத்திருக்கிறார். அவ்வூர் வீடுகள் சிலவற்றில் கட்டுக் கட்டாகத் துணி கூரை வரைக்கும் அடுக்கியிருந்ததாம். படையினர் விரும்பியதையெல்லாம் எடுத்துக்கொண்ட பிறகும் எடுத்த அடையாளமே தெரியவில்லையாம். அதாஹுவால்பாவின் தோளில் கிடந்த மிக மென்மையான போர்வையைத் தொட்டுப் பார்த்த பிஸாரோவின் உறவினர் ஒருவர், இது எதனால் செய்தது என்று கேட்டாராம். இரவிலே பறக்கின்ற வௌவால்களைக் கொண்டு செய்தது என்று பதில் வந்ததாம். வியந்தார்கள், எழுதி வைத்தார்கள். ஆனால் உலைக்களத்தைச் சுற்றியே அவர்களது மனம் நின்றது. இன்கா வீரர்களோ, பின்வாங்கிப் போகும்போது பகைவர் கையில் அகப்படக்கூடாதென்று துணிக் களஞ்சியங்களுக்குத் தீ வைத்துவிட்டுப் போனார்கள். எது செல்வம் என்பதில் இரு தரப்பாரின் கண்ணும் எவ்வளவு வேறுபட்டிருந்தது பாருங்கள்!

சுவரின் மேல் சுவர்

இப்போது கஸ்கோ தெருக்களுக்குள் நடப்போம். நகரின் தெற்கே 'கோரிகாஞ்சா' நிற்கிறது. இன்காக்களின் தலைமைக் கோயில் அதுவே. அதன் சுவரில் பதித்திருந்த பொன் தகடுகளைக் கடப்பாரையால் பெயர்த்தெடுப்பதற்குக் கஹமார்காவிலிருந்து மூன்று ஸ்பானியர் வந்தார்கள். 700 தகடுகளைப் பெயர்த்ததாகக் கணக்கு. பின்னர் அந்தச் சுவர்களின் மேலேயே சாந்தோ தொமிங்கோ என்னும் கிறிஸ்தவ மடாலயம் எழுந்தது. 1650இல் பூமி அதிர்ந்தது. 1950இல் மறுபடியும் அதிர்ந்தது. இரண்டு முறையும் மேலே கட்டியவை இடிந்தன. சுண்ணாம்போ சாந்தோ இல்லாமல், கல்லோடு கல்லைச் செதுக்கிப் பொருத்திய இன்காச் சுவர் அசையாமல் நின்றது. 1950க்குப் பிறகுதான், சரிந்த சுவர்களுக்குப் பின்னால் மறைந்திருந்த பழைய கட்டுமானத்தின் பெரும்பகுதி மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது.

பிரதான சதுக்கத்திலிருந்து லொரேத்தோ என்ற ஒடுங்கிய சந்துக்குள் நுழையுங்கள். இருபுறமும் கருங்கற் சுவர்கள் உங்களை நெருக்கும். ஒரு பக்கத்துச் சுவர் அக்லாப் பெண்கள் வாழ்ந்த இல்லத்தின் மதில். அவர்கள் கலைந்துபோன பின், அதே வளாகத்தில் கன்னியாஸ்திரீகளின் மடம் அமைந்தது. ஆட்சி மாறியது, சமயம் மாறியது; மதிலுக்குள் பெண்கள் இருப்பது மட்டும் மாறவில்லை.

முஸ்லிம்களாகிய நம்மை நிறுத்தி யோசிக்க வைக்கும் செய்தியொன்றும் இங்கே உண்டு. அந்த நாட்களின் ஸ்பானியக் குறிப்புகளைப் படிப்பவர்கள், இன்காக் கோயில்களுக்கு அவர்கள் இட்ட பெயரைக் கண்டு திகைப்பார்கள். பல இடங்களில் 'மெஸ்கீத்தா' என்றே எழுதியிருக்கிறார்கள். ஸ்பானிய மொழியில் அது பள்ளிவாசலைக் குறிக்கும் சொல். அங்கே பள்ளிவாசல் ஏது? கிரனாடா வீழ்ந்தது 1492இல். அதற்கு நாற்பது ஆண்டுகளின் பின்னர் பெருவுக்கு வந்தவர்களுக்கு, தம்முடையதல்லாத வணக்கத்தலம் எதைக் கண்டாலும் நாவில் வந்த சொல் அதுதான். ஒரு நாட்டை வென்ற பழக்கத்தோடு இன்னொரு நாட்டைப் பார்த்தார்கள்.

கூடையில் மிதந்த அரசி

போரில் ஆண்கள் மடிந்ததைச் சரித்திரம் விரிவாக எழுதும். பெண்களுக்கு நேர்ந்ததை ஓரிரு வரிகளில் முடித்துவிடும். அதாஹுவால்பாவின் சகோதரியான கிஸ்பே சீசா பிஸாரோவுக்கு ஒப்படைக்கப்பட்டாள். அவளுக்குப் பிறந்த மகள் பிரான்சிஸ்கா, பிற்காலத்தில் ஸ்பெயினுக்கு அனுப்பப்பட்டுத் தன் தந்தையின் சகோதரனுக்கே மணமுடித்து வைக்கப்பட்டாள்.

கூரா ஒக்லோ என்பவளின் கதையைக் கேளுங்கள். ஸ்பானியர் தாமே அரியணையில் அமர்த்திய இளம் மன்னன் மாங்கோ இன்காவின் அரசி அவள். பிஸாரோவின் தம்பி கொன்சாலோ அவளைத் தனக்குத் தரும்படி மாங்கோவிடம் வற்புறுத்தினான். அவமானத்தின் மேல் அவமானம் சேர்ந்து, 1536இல் மாங்கோ கிளர்ந்தெழுந்தான். மாதக்கணக்கில் கஸ்கோவை முற்றுகையிட்டும் மீட்க இயலாமல், வில்கபாம்பா காடுகளுக்குள் பின்வாங்கினான். இன்காக்களிடம் தோற்றுக் கசந்திருந்த இனத்தவர் பலர் ஸ்பானியரின் பக்கம் நின்றதும் அந்தத் தோல்விக்கு ஒரு காரணம்.

1539இல் கூரா ஒக்லோ பகைவரிடம் அகப்பட்டாள். வழியில் தன்னை மானபங்கம் செய்ய வந்தவர்கள் அருவருத்து விலகிப் போகும்படி, அழுக்கையும் அசுத்தத்தையும் தன் உடலில் தானே பூசிக்கொண்டாள் என்று மாங்கோவின் மகன் பின்னர் சொல்லி எழுதுவித்த வரலாறு கூறுகிறது. மாங்கோவைப் பணியவைக்க முடியாத ஆத்திரத்தில் பிஸாரோ அவளைக் கொல்லும்படி கட்டளையிட்டான். தன்னிடமிருந்த அணிகலன்களை உடனிருந்த பெண்களுக்குப் பகிர்ந்து கொடுத்தாள். தன் உடலை ஒரு கூடையில் வைத்து ஆற்றில் விடும்படியும், அது கணவனிடம் போய்ச் சேரட்டும் என்றும் சொன்னாள். அவளைக் கட்டிவைத்து அம்பெய்து கொன்றார்கள். கூடை யூக்காய் ஆற்றில் மிதந்து போனது. இந்தச் செயலை வெட்கக்கேடு என்று ஸ்பானியர் சிலரே எழுதி வைத்தார்கள்.

வில்கபாம்பாவில் எஞ்சியிருந்த அரசும் 1572இல் முடிந்தது. கடைசி இன்கா மன்னன் தூபக் அமாருவின் தலை கஸ்கோ சதுக்கத்தில் வெட்டப்பட்டது.

ஒரு தாய் சொன்ன கதைகள்

அதே 1539ஆம் ஆண்டில் கஸ்கோவில் ஒரு குழந்தை பிறந்தது. தந்தை ஸ்பானியப் படைத்தலைவன். தாய் சிம்பு ஒக்லோ, ஹுவாய்னா கப்பாக்கின் சகோதரன் மகள். சில ஆண்டுகளில் அந்தத் தந்தை முறைப்படி ஒரு ஸ்பானியப் பெண்ணை மணந்துகொண்டு, தன் பிள்ளையின் தாயை விலக்கிவிட்டான். சிம்பு ஒக்லோவிடம் அரசும் இல்லை, பொன்னும் இல்லை. மொழி இருந்தது. அவளுடைய உறவினர் வீட்டுக்கு வரும்போதெல்லாம் முன்னோரின் கதைகளைக் கெச்சுவா மொழியில் பேசிப் பேசிக் கண்ணீர் விடுவார்கள். பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்த அந்தப் பையன்தான் 'இன்கா' கார்சிலாசோ டி லா வேகா.

1560இல் ஸ்பெயினுக்குப் போன அவர் மறுபடியும் தாய்மண்ணை மிதிக்கவேயில்லை. அங்கே ஸ்பானிய மன்னனின் படையில் சேர்ந்து, கிரனாடா மலைகளில் கிளர்ந்தெழுந்த மொரிஸ்கோக்களுக்கு எதிராகவும் போரிட்டார். மொரிஸ்கோக்கள் என்போர் பலவந்தமாக மதம் மாற்றப்பட்ட முஸ்லிம்களின் வழிவந்தோர். வென்றவர்களால் மொழியையும் உடையையும் இழந்த ஒரு சமுதாயத்தின் மகன், அதே இழப்புக்கு எதிராக எழுந்த இன்னொரு சமுதாயத்தை எதிர்த்து வாளேந்தினான்! சரித்திரம் சிலவேளை இவ்வாறு மனிதரைக் கொண்டு போய் நிறுத்துகிறது.

முதுமையில் அவர் தாயிடம் கேட்டவற்றையெல்லாம் எழுதினார். அந்த நூல் 1609இல் லிஸ்பன் நகரில் வெளிவந்தது. இன்காக்களைப் பற்றி உலகம் இன்று அறிந்திருப்பவற்றுள் பல அந்நூலின் வழியே வந்தவை. 1616இல் அவர் இறந்தார். அடக்கம் செய்யப்பட்ட இடம் எது தெரியுமா? குர்துபாப் பெரிய பள்ளிவாசல்! வளைவு வளைவாகத் தூண்கள் நிறைந்த அந்தப் பள்ளிவாசலின் நடுவே கிறிஸ்தவப் பேராலயத்தைக் கட்டினார்கள் அல்லவா? அதன் சிற்றாலயமொன்றில் அவர் உறங்குகிறார். சூரியக் கோயிலின் மேல் தேவாலயம் எழுந்த ஊரில் பிறந்தவர், பள்ளிவாசலுக்குள் தேவாலயம் எழுந்த ஊரில் அடக்கமானார். 1978இல் ஸ்பானிய மன்னர் ஹுவான் கார்லோஸ் பெருவுக்கு வந்தபோது, அவருடைய சாம்பலின் ஒரு பகுதியைக் கஸ்கோவிடம் ஒப்படைத்தார்.

துணிக்கு அஞ்சிய ஆட்சி

பொன் தீர்ந்த பிறகு ஸ்பானியர் மனித உழைப்பை எடுத்தார்கள். பொத்தோசி வெள்ளிச் சுரங்கத்துக்கு முறைவைத்து ஆண்களைப் பிடித்துச் சென்றார்கள். 'ஒப்ராஹே' எனப்படும் நெசவுக்கூடங்களில் ஆண்களையும் பெண்களையும் அடைத்து வேலை வாங்கினார்கள்.

1780இல், கடைசி இன்காவின் வழிவந்த ஒருவர் இரண்டாம் தூபக் அமாரு என்று தமக்குப் பெயர் சூட்டிக்கொண்டு கிளர்ச்சியைத் தொடங்கினார். ஆட்களைத் திரட்டியவரும், படைக்கு உணவும் ஆயுதமும் போய்ச் சேரும்படி பார்த்துக்கொண்டவரும் அவருடைய மனைவி மிக்கேலா பாஸ்திதாஸ். ஆறு மாதங்களுக்குள் இருவரும் பிடிபட்டார்கள். 1781 மே 18ஆம் திகதி, கஸ்கோ சதுக்கத்தில் கணவனின் கண் முன்னே மிக்கேலாவைக் கொன்றார்கள். பின்னர் கணவனையும் கொன்றார்கள்.

அந்தத் தீர்ப்பை எழுதிய அதிகாரி அரேச்சே அத்தோடு நிற்கவில்லை. இன்கா மரபிலான உடைகளை அணியக்கூடாது, மன்னர்களின் படங்களை வைத்திருக்கக்கூடாது, கெச்சுவா மொழிக்குப் பதிலாக மக்கள் ஸ்பானிய மொழியைப் பேசவேண்டும் என்றெல்லாம் கட்டளையிட்டான். கார்சிலாசோவின் நூலுக்கும் தடை வந்தது. சகோதரிகளே, இதைச் சற்று எண்ணிப் பாருங்கள். கஹமார்காவில் கூரை வரை அடுக்கியிருந்த துணியைத் துச்சமாக நினைத்த அதே ஆட்சி, 250 ஆண்டுகளின் பின்னர் அந்தத் துணியைக் கண்டு அஞ்சியது! பொன்னை உருக்கிவிட்டார்கள். ஆனால் ஒரு தாய் மகளுக்குக் கற்றுக்கொடுத்த கோலத்தை எந்த உலையில் போட்டு உருக்குவது?

இன்றும் சுழலும் தக்ளி

கஸ்கோவுக்கு அருகே சின்சேரோ என்னும் மலைக்கிராமம் இருக்கிறது. அங்கே பெண்கள் நடந்துகொண்டே, கதைத்துக்கொண்டே தக்ளியில் நூல் நூற்பதைக் காணலாம். கள்ளிச் செடியில் வளரும் கொச்சினீல் என்ற சிறு பூச்சியை உலர்த்தி அரைத்துச் சிவப்புச் சாயம் எடுக்கிறார்கள். அதில் எலுமிச்சைச் சாறு சேர்ந்தால் செம்மஞ்சள். வேறு உப்புச் சேர்ந்தால் ஊதா. தறியின் ஒரு முனையைக் கம்பத்திலும் மறுமுனையை இடுப்பிலும் கட்டிக்கொண்டு தரையில் அமர்ந்து நெய்கிறார்கள். கோலத்துக்குரிய படமோ தாளோ கையில் இல்லை. எல்லாம் மனதில் இருக்கிறது. இந்த அறிவு அழிந்துவிடக்கூடாதென்று 1996இல் கஸ்கோவில் பாரம்பரிய நெசவுக்கென ஒரு நிலையம் தொடங்கினார்கள். வயது முதிர்ந்த பெண்கள் அங்கே இளையோருக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். நெய்த துணிக்கு நியாயமான விலையும் கிடைக்கிறது.

அப்பெண்களின் உடையைக் கூர்ந்து பார்த்தால் சரித்திரம் முழுவதையும் வாசிக்கலாம். சுருக்கு வைத்த அகன்ற பாவாடை ஸ்பானியர் காலத்தில் வந்தது. தோளைப் போர்த்தி முன்புறத்தில் ஊசியால் குத்திய 'லிக்லா' சால்வையோ இன்காக்களின் காலத்திலிருந்தே தொடர்ந்து வருவது. தடையும் வந்து போயிற்று; சால்வை இருக்கிறது.

அபூரிமாக் ஆற்றின் மேலே கேஸ்வாசாக்கா என்ற புற்கயிற்றுப் பாலமொன்று உண்டு. சுமார் 28 மீற்றர் நீளம். அதை ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தில் நான்கு கிராமத்தவர் கூடிப் புதிதாகக் கட்டுகிறார்கள். புல்லை முறுக்கி மெல்லிய கயிறு திரிப்பது பெண்களின் வேலை. அவற்றைச் சேர்த்துப் பருத்த வடமாக்குவது ஆண்களின் வேலை. பெருந்தொற்றுக் காலத்தில் கட்ட முடியாமற் போய், 2021 மார்ச்சில் பாலம் அறுந்து விழுந்தது. ஜூன் மாதத்தில் மறுபடியும் கட்டிவிட்டார்கள். திறமை கையில் இருக்கும் வரை அறுந்தது அறுந்ததாகவே கிடப்பதில்லை.

இப்படிச் சொல்வதால் அவர்களுடைய துயரம் தீர்ந்துவிட்டதென்று நினைக்க வேண்டாம். 1980 முதல் 2000 வரை பெருவில் நடந்த உள்நாட்டு வன்முறையில் ஏறக்குறைய 69,000 பேர் உயிரிழந்திருக்கலாம் என்று உண்மை ஆணைக்குழு 2003இல் மதிப்பிட்டது. இறந்தவர்களிலும் காணாமற் போனவர்களிலும் நால்வரில் மூவர் கெச்சுவா அல்லது வேறொரு பூர்வீக மொழியைத் தாய்மொழியாகக் கொண்டோர். நகரத்தில் கெச்சுவா பேசினால் பிள்ளையை ஏளனம் செய்வார்களோ என்று அஞ்சி, வீட்டிலும் அந்த மொழியை விட்டுவிட்ட தாய்மார் பலர். 1975இல் பெரு அரசு கெச்சுவாவை அரச மொழிகளுள் ஒன்றாக்கியது. 2017ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் 37 இலட்சத்துக்கும் அதிகமானோர் அதுவே தம் தாய்மொழி என்று பதிந்தார்கள்.

உங்கள் சமையலறையில்

அந்த மக்களின் செல்வத்தில் ஒரு பங்கு உங்கள் வீட்டுக்கும் வந்திருக்கிறது. நீங்கள் ஆணத்துக்கு உரிக்கும் உருளைக்கிழங்கை முதன்முதல் பயிராக்கியவர்கள் அந்தீஸ் மலை உழவர்கள்தான். தித்திக்காக்கா ஏரியைச் சூழ்ந்த மேட்டுநிலங்களில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னர் அது தொடங்கியது. அங்கே இன்றும் ஊதா, கறுப்பு, சிவப்பு என்று ஆயிரக்கணக்கான வகைக் கிழங்குகள் விளைகின்றன. எந்த வகையை எந்த உயரத்தில் நடுவது, எந்த விதையை எடுத்து வைப்பது என்பதை அங்குள்ள பெண்கள் அறிந்து வைத்திருக்கிறார்கள். அம்மியில் அரைக்கும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துக்குரியதே. போர்த்துக்கேயரின் கப்பல்களில் நம் பக்கம் வந்து சேர்ந்தது. ஸ்பெயினுக்குப் போன பொன் போரிலும் கடனிலும் கரைந்தது. கிழங்கோ உலகெங்கும் பசியை ஆற்றிக்கொண்டிருக்கிறது.

கஸ்கோவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மச்சு பிச்சுவின் இடிபாடுகளைப் பார்க்கவே போகிறார்கள். அதன் படம் எங்கேனும் உங்கள் கண்ணில் படலாம். அப்போது அந்த வெறுங்கற்களை மட்டும் பார்த்துவிட்டு, அழிந்துபோன இனம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடாதீர்கள். மன்னர்கள் போனார்கள், பொன் போனது, கோயில் போனது. சிம்பு ஒக்லோவின் மொழியை இன்றும் ஒரு தாய் தன் குழந்தையைத் தாலாட்டப் பயன்படுத்துகிறாள். அந்தக் குழந்தை ஒரு சால்வைக்குள் உறங்குகிறது. அந்தச் சால்வையை நெய்தவள் பெரும்பாலும் அக்குழந்தையின் பாட்டியாகத்தான் இருப்பாள்.